65 வினாடிக்குள் ஒரு பரிந்துரை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் உலகளாவிய காலமுறை மீளாய்வு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு நாட்டின் மனித உரிமை நிலவரத்தை மற்ற நாடுகளே கேள்வி கேட்கின்றன. நல்லது. இந்தியாவும் 2008, 2012, 2017, 2022 என நான்கு முறை போய்வந்துவிட்டது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யுங்கள், அதாவது அதற்குச் சட்டப்படி கட்டுப்படுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். 1997-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி. நாடுகள் ஒன்றையொன்று முதுகில் தட்டிக்கொடுக்கும் இந்தச் சபையால் யாருக்கு என்ன பயன்?

மு. கவிதா, தூத்துக்குடி

அன்புள்ள கவிதா,

முதுகு தட்டல் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் பரிந்துரை எப்படி எழுதப்படுகிறது, ஊர் திரும்பியதும் யார் மேசைக்குப் போகிறது என்ற இரண்டு இடங்களில்தான் காரியம் அதைவிட அதிகமாகக் கெடுகிறது.

ஜெனீவாவில் நடக்கும் மீளாய்வு அமர்வில் ஒரு நாட்டுக்கு மூன்றரை மணி நேரம். அதில் 70 நிமிடம் அந்த நாட்டுக்கே. மீதி 140 நிமிடத்தை 130 நாடுகள் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 65 வினாடிதான். வணக்கமும் பாராட்டும் போக இரண்டு மூன்று பரிந்துரைக்கே நேரம் இருக்கும். அவையும் பல வாரங்களுக்கு முன்பே எழுதி முடிந்திருக்கும். அந்த அமர்வில் தன்னார்வ அமைப்புகள் உட்கார்ந்து கேட்கலாம், பேச முடியாது. ஆகவே வேலையெல்லாம் அதற்கு முந்தைய மாதங்களில், பரிந்துரை செய்யப்போகும் நாடுகளின் டெல்லித் தூதரகங்களில் நடக்க வேண்டும். ஐ.நா.வுக்கு அனுப்பும் அறிக்கைக்கு 2,815 சொற்கள் வரை இடமுண்டு. தூதரகத்துக்கு ஒரே ஒரு பக்கம் கொண்டுபோங்கள், இரண்டு பரிந்துரைகளோடு. இருபது கொடுத்தால் அவர்களுக்குச் சுலபமான ஒன்றை எடுத்துக்கொள்வார்கள்.

யாரிடம் கொடுப்பது என்பதும் முக்கியம். சித்திரவதை உடன்படிக்கையில் எல்லா நாடுகளையும் சேர்க்க 2014-இல் முயற்சி தொடங்கிய நாடுகளில் டென்மார்க்கோடு கானாவும் இந்தோனேசியாவும் உண்டு. 'மேற்கத்திய உபதேசம்' என்று கானாவை ஒதுக்கிவிட முடியாது.

இனி வாக்கியம். 'சித்திரவதையைத் தடுக்கும் முயற்சிகளைத் தொடர வேண்டும்' என்றால் எந்த அரசும் மகிழ்ச்சியாக ஏற்கும். செய்ததா இல்லையா என்று பிறகு யாராலும் அளக்க முடியாது. 'ஏற்புறுதி செய்க' என்பது தெளிவான வாக்கியம்தான், ஆனால் நடுவில் ஒரு படி விடுபடுகிறது. முதலில் உள்நாட்டுச் சட்டம் வேண்டும் என்பது அரசின் வாதம். அந்த மசோதாவை மக்களவை 2010-இல் நிறைவேற்றியது, மாநிலங்களவையில் தேங்கி 2014-இல் காலாவதியானது. பரிந்துரை அந்த மசோதாவை, ஒரு கால வரம்போடு கேட்க வேண்டும்.

இன்னும் கிட்டத்தில் பாருங்கள். 2020-இல் தந்தையும் மகனும் காவலர்களால் சித்திரவதை செய்யப்பட்டு இறந்த வழக்கின் உங்கள் மாவட்டத்துச் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமராக்கள் இருந்தன, வன்தட்டில் இடமும் இருந்தது. பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 'இந்த உத்தரவு நிறைவேறிய நிலையங்களின் பட்டியலை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுக' என்பது ஒரே செயல், அளக்கக்கூடியது. சொந்த நீதிமன்றத்தின் உத்தரவை மறுப்பது எந்த அரசுக்கும் சங்கடம். இரண்டு மூன்று கோரிக்கைகளை ஒரே பரிந்துரையில் கோத்துவிடாதீர்கள், ஒன்று பிடிக்காவிட்டால் மொத்தமும் போகும். மீளாய்வில் 'நிராகரிக்கிறோம்' என்ற சொல்லே கிடையாது. 'ஆதரிக்கிறோம்', 'குறித்துக்கொள்கிறோம்', அவ்வளவுதான். குறித்துக்கொண்டதையும் விடாமல் கேட்கலாம்.

மேசை விஷயத்துக்கு வருகிறேன். ஜெனீவாவில் ஒப்புக்கொள்வது ஒன்றிய அரசு. காவல்துறையோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பரிந்துரை சென்னை உள்துறைக்கு வந்து சேராவிட்டால் சாத்தான்குளத்தில் எதுவும் மாறாது. எனவே பரிந்துரை எண்ணைக் குறிப்பிட்டு, 'இது எந்தத் துறைக்கு, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, நகல் தருக' என்று வெளியுறவு அமைச்சகத்துக்கும் மாநில உள்துறைக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'அப்படி ஆவணம் எதுவும் இல்லை' என்று பதில் வந்தால், அந்தத் தாளை அடுத்த சுற்றுக்கான உங்கள் அறிக்கையோடு இணைத்து அனுப்புங்கள்.