ஆங்கிலத்தில் கமா எங்கே, செமிகோலன் எங்கே?

டர்பனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "ஐ மிஸ்ட் த பஸ், ஐ வாக்ட் ஹோம்" என்று மகள் எழுதியதில் டீச்சர் கமாவைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டாராம். என்ன தப்பு?

தப்பு தமிழிலிருந்து வந்தது. "பஸ் போயிடுச்சு, நடந்தே வந்தேன்" என்றால் நமக்கு உறுத்தாது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு துண்டும் தனித்தனியே முழு வாக்கியங்கள். வெறும் கமாவால் அவற்றை ஒட்ட முடியாது. கமாவுக்குப் பின் 'ஸோ' சேர்க்கலாம், முற்றுப்புள்ளி வைக்கலாம், அல்லது "ஐ மிஸ்ட் த பஸ்; ஐ வாக்ட் ஹோம்" என்று செமிகோலன் போடலாம். 'ஹவெவர்'தான் பலரைக் கவிழ்ப்பது. அது 'பட்' போன்ற இணைப்புச்சொல் அல்ல. இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே வந்தால் அதற்கு முன்னால் செமிகோலன், பின்னால் கமா.

பட்டியலிலும் இது உதவும். "டர்பன், குவாசுலு-நட்டால்; கிம்பர்லி, நார்தர்ன் கேப்; பிரிட்டோரியா, கௌடெங்" என்று எழுதினால் எந்த ஊர் எந்த மாகாணம் என்பதில் குழப்பமில்லை.

உங்கள் மகளுக்கு இது புதிதல்ல, கணக்கு நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் தசமத்துக்கே கமாதான். இரண்டரை என்பது 2,5. அதனால்தான் வரைபடப் புள்ளியை (2; 5) என்று எழுதுகிறார்கள். ஏற்கெனவே கமா வேறு வேலையில் இருக்கும்போது பிரிக்கும் வேலை செமிகோலனுக்குப் போகிறது; ஊர்ப் பட்டியலிலும் அதே கதைதான்.

சந்தேகம் வந்தால் செமிகோலன் இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தனியே நின்றால் சரி. பட்டியலுக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது.