வெள்ளைக் காயினைச் சுற்றிக் கறுப்பு வளையம்

அன்புள்ள அண்ணா,

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன், பாலிடெக்னிக் கடைசி வருஷம். 2024இல் நம் காசிமா கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து தங்கச்சி போர்டை விட்டு நகர்வதில்லை. அவளுக்காகப் பைகேமில் (பைத்தான் மொழியில் கேம் எழுத உதவும் நூலகம்) ஒரு கேரம் கேம் எழுதுகிறேன். நண்பன் காயின்களை 512 பிக்சலில் வரைந்து பி.என்.ஜி.யாகக் கொடுத்தான். காயினுக்கு வெளியே பின்னணி தெரியும்படி வைக்கும் கன்வர்ட் ஆல்ஃபா போட்டு, படத்தின் அளவை மாற்றும் ஸ்மூத்ஸ்கேலில் 40 பிக்சலாகச் சுருக்கினால் வெள்ளைக் காயினைச் சுற்றி மட்டும் அழுக்குப் போல ஒரு கறுப்பு வளையம். கறுப்பைக் கலர்கீயாக, அதாவது வரையாமல் விடவேண்டிய நிறமாக, வைத்தால் போய்விடும் என்கிறார்கள். வைக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வைக்காதே. கலர்கீ வைத்தால் உன் கறுப்புக் காயினில் சுத்தக் கறுப்பாக இருக்கும் இடமெல்லாம் ஓட்டையாகிவிடும். வளையமும் போகாது, ஏனென்றால் அது சுத்தக் கறுப்பே இல்லை. கன்வர்ட் ஆல்ஃபா போட்டது சரி. ஆல்ஃபா என்பது ஒரு பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற எண்: 0 என்றால் தெரியாது, 255 என்றால் முழுசாகத் தெரியும். அந்த எண்ணை விட்டுவிடும் வெறும் கன்வர்ட் போட்டிருந்தால் ஒவ்வொரு காயினும் ஒரு சதுரத்துக்குள் உட்கார்ந்திருக்கும்.

கோளாறு சுருக்கும் இடத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பிக்சலுக்கும் ஒரு நிறம் உண்டு. ஆல்ஃபா 0 என்றாலும் பின்னால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஏதோ ஒரு எண் இருந்தே தீரும். பெரும்பாலும் அது 0, 0, 0. அதாவது கறுப்பு. ஸ்மூத்ஸ்கேல் பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுக்கும்போது அந்தக் கறுப்பையும் சேர்த்துக்கொள்கிறது.

கணக்குப் போட்டே பார். காயினின் நிறம் 240, 220, 180, ஆல்ஃபா 255. பக்கத்தில் எல்லாம் 0. சராசரி 120, 110, 90, ஆல்ஃபா பாதி. இதை 220, 180, 120 நிறமுள்ள போர்டின் மேல் வைத்தால் பாதி இது, பாதி அது: 170, 145, 105. காயினை விடவும் மங்கல், போர்டை விடவும் மங்கல். இதுதான் உன் வளையம். கறுப்புக் காயினிலும் இது இருக்கிறது. அதன் நிறமே கறுப்பு என்பதால் உன் கண்ணில் படவில்லை.

சுருக்குவதற்கு முன்பே நிறத்தை ஆல்ஃபாவால் (255ஐ 1 என்று கொண்டு) பெருக்கிவிடு. ப்ரீமல்டிப்ளைட் ஆல்ஃபா என்பது இதுதான். லூகாஸ்ஃபிலிம் பட நிறுவனத்தில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. ஆனால் பி.என்.ஜி. கோப்பு நிறத்தைப் பெருக்காமல்தான் வைத்திருக்கும், அதனால் பெருக்கும் வேலை உன்னுடையது. இப்போது அதே 120, 110, 90 ஏற்கெனவே பாதியாக்கிய நிறம். போர்டில் பாதியை மட்டும் அதனுடன் கூட்டினால் போதும்: 230, 200, 150. காயினுக்கும் போர்டுக்கும் சரியாக நடுவில் விழுகிறது பார், எனக்கு இந்தக் கணக்கு இன்றும் பிடிக்கும்.

பைகேம் 2.2 முதல் ப்ரீமல் ஆல்ஃபா என்ற ஃபங்ஷனே இருக்கிறது. படத்தை ஏற்றியதும் அதைக் கூப்பிடு, அப்புறம் ஸ்மூத்ஸ்கேல், கடைசியில் பிளிட் செய்யும்போது (திரையில் ஒட்டும்போது) பிளெண்ட் ப்ரீமல்டிப்ளைட் ஃபிளாக். நிறம் ஏற்கெனவே பெருக்கியது என்று பைகேமுக்குச் சொல்வது அதுதான். இந்த வரிசை மாறக்கூடாது. சுருக்கிவிட்டுப் பெருக்கினால் ஒரு பயனும் இல்லை, கறுப்பு அதற்குள் கலந்திருக்கும். விண்டோ அளவு மாறும்போதெல்லாம் 512 பிக்சல் படத்திலிருந்தே மறுபடி சுருக்கு. சுருக்கியதையே திரும்பச் சுருக்கினால் விளிம்பு குழம்பிப் போகும்.

இன்னொன்று. காயின் பாக்கெட்டில் விழும்போது மெல்ல மறையவைக்க நினைப்பாய். அங்கே ஆல்ஃபாவை மட்டும் குறைத்தால், நிறம் குறையாமல் அப்படியே போர்டின் மேல் கூடுவதால் காயின் மறையாது, பளீரென்று ஒளிர ஆரம்பிக்கும். படத்தின் நகல் ஒன்றை எடுத்து, ஆல்ஃபாவோடு மூன்று நிறங்களையும் அதே அளவு குறைக்க வேண்டும்.