நிருபரா, நிரூபரா?

கேள்வி: ராணுவ ஆட்சி நடக்குற நாட்டுல அரசியல் ஊழலை அம்பலப்படுத்துற துணிச்சல் வெளிநாட்டு நிரூபர்களுக்கு எங்கேர்ந்து வருது? உள்ளூர் நிரூபர்களுக்கு ஏன் அது வர்றதில்ல?

பதில்: முதல்ல அந்த ‘நிரூபர்’ பஞ்சாயத்தை முடிச்சுக்கலாம். ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க, ரெண்டும் நெடில், கை தவறிடுச்சுன்னு தப்பிக்க முடியாது. நிருபம்னா கடுதாசி, கடுதாசி எழுதி அனுப்புறவர் நிருபர், அவ்வளவுதான். இதுக்காக எங்க பழைய புரூஃப் ரீடரோட பதினோரு வருஷம் மல்லுக்கட்டியிருக்கேன். நான் ரூவை ருவாக்கி அனுப்புவேன், அவர் ருவை ரூவாக்கி அச்சுக்கு விடுவார், கேட்டா ‘செய்தியை நிரூபிக்கணும்ல சார், அதான் நிரூபர்’னு விளக்கம் வேற. நம்ம ஆளுங்க எதைய்யா நிரூபிச்சாங்க, மந்திரி பொன்னாடை போர்த்திக்கிட்டதையான்னு கத்துவேன். அவர் ரிட்டயர் ஆனப்போ அடிச்ச வாழ்த்து மடல்லயும் ‘நிரூபர்கள் சார்பாக’ன்னே வந்துச்சு. அதுக்கும் புரூஃப் பார்த்தது அவரேதான்.

இன்னொரு கூத்து, நிருபன்னா அகராதியில ராஜா. நிருபனுக்குக் கோவம் வந்தா நிருபர் உள்ளே.

பிலிப்பைன்ஸ்ல அப்படித்தான் ஆச்சு. அந்த நாட்டு அதிபர் மார்கோஸ் 1972ல ராணுவச் சட்டம் போட்ட கையோட பத்திரிகைகளை இழுத்து மூடினார். உள்ளூர்ல துணிச்சல் இல்லைங்கறீங்க, ஹோசே புர்கோஸ்னு ஒரு மனுஷன் அங்க ‘வீ ஃபோரம்’னு சின்னதா ஒரு பத்திரிகை நடத்தினார், ரெண்டாம் உலகப் போர்ல வாங்கினதா மார்கோஸ் பீத்திக்கிட்டிருந்த மெடல்கள் பலது டூப்புன்னு 1982 நவம்பர்ல தொடரே போட்டார். அடுத்த மாசமே ரெய்டு. பிரிண்டிங் மெஷின், வண்டி, காகிதம்னு அள்ளிக்கிட்டு ஆபீசைப் பூட்டி ஆளையும் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அந்த சர்ச் வாரண்டே செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்றதுக்கு 1984 டிசம்பர் ஆச்சு. ஏழை சொல் அம்பலம் ஏறாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

அம்பலம் ஏறின சொல்லு 1985 ஜூன்ல கலிபோர்னியாவுலேர்ந்து வந்துச்சு, சான் ஹோசே மெர்குரி நியூஸ் பத்திரிகையில. லூயிஸ் சைமன்ஸ், பீட் கேரி, கேத்தரின் எலிசன்னு மூணு பேர் சேர்ந்து மார்கோஸ் வட்டாரத்தோட அமெரிக்கச் சொத்தைப் பத்தி எழுதினது. (சைமன்ஸ் வாஷிங்டன் போஸ்ட்ல இருந்தப்போ 1975 எமர்ஜென்சியில நம்ம அரசாங்கமே அவரை நாட்டை விட்டு அனுப்பிச்சு, அதனால பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவைப் பார்த்து ரொம்ப உச்சு கொட்ட வேண்டாம்.) நீங்க சாகசம்னு நினைக்கறதுல பெரும்பகுதி ரெக்கார்டு புரட்டுற வேலை. மார்கோஸ் வட்டாரம் அமெரிக்காவுல வாங்கிப் போட்ட நிலம், கட்டடம் எல்லாத்துக்கும் அங்கயே பதிவு இருக்கு. வில்லங்கம் போட்டுப் பார்க்கிற மாதிரிதான், பத்திரத்துல ஒரு கம்பெனி, அதுக்குப் பின்னாடி இன்னொரு கம்பெனின்னு பொறுமையா நூல் பிடிச்சுப் போகணும். இதை எழுதினா மார்கோஸ் சான் ஹோசேக்கு வந்து ஆபீசைப் பூட்ட முடியாதுல்ல? நீங்க கேட்ட துணிச்சல்ல முக்கால்வாசி அந்தப் பூட்டு எட்டாத தூரம்தான். மணிலாவுல உட்கார்ந்து விஷயம் சொன்னவனுக்கு அந்தத் தூரம் கிடையாது, கட்டுரைக்கு மேல அவன் பேரும் வராது.

அங்க அப்போ வெளிநாட்டுப் பத்திரிகையில வர்றதை ஜெராக்ஸ் எடுத்துக் கைக்குக் கை மாத்தித்தான் படிப்பாங்க. ஆகஸ்ட்ல எதிர்க்கட்சிக்காரங்க இந்தச் சொத்து விவகாரத்தை வச்சே பதவிநீக்கத் தீர்மானம் கொண்டு வந்தாங்க, மார்கோஸ் ஆளுங்க கமிட்டியிலயே தூக்கிப் போட்டுட்டாங்க. ஆனாலும் நெருக்கடி தாங்காம நவம்பர்ல அவரே அமெரிக்க டிவியில திடீர் தேர்தல் அறிவிச்சார், 1986 பிப்ரவரி 25ல ஹவாய்க்குப் பறந்தார். அமெரிக்காவோட பெரிய பத்திரிகை விருதான புலிட்சர் அந்த வருஷம் இந்த மூணு பேருக்கு.

எல்லாரும் மார்கோஸ் பொண்டாட்டி இமெல்டாவோட செருப்பை எண்ணிக்கிட்டிருந்தாங்க, எனக்குப் பிடிச்சது அரண்மனையில சிக்கின காகிதங்கள்தான். 1968லயே சுவிஸ் பேங்க்ல புருஷனும் பொண்டாட்டியும் அக்கவுண்ட் திறந்திருக்காங்க, வில்லியம் சாண்டர்ஸ், ஜேன் ரயன்னு பேரு வச்சுக்கிட்டு! 2003ல பிலிப்பைன்ஸ் சுப்ரீம் கோர்ட் கணக்குப் போட்டுச்சு. ரெண்டு பேரோட மொத்த நியாயமான சம்பளம் 3,04,372 டாலர், பறிமுதல் ஆன சுவிஸ் பணம் 65 கோடி டாலருக்கு மேல.

இப்படிக் கோர்ட்டு வரைக்கும் போய் நின்ன விஷயம்கிறதால அந்த மூணு பேரை மட்டும் நீங்க நிரூபர்னே எழுதிக்கோங்க, நான் திருத்தல. புர்கோஸையும் சேர்த்துக்கலாம். ஆனா இந்தப் பக்கத்தை எங்க பழைய புரூஃப் ரீடர் கண்ணுல யாரும் காட்டிடாதீங்க, போன் பண்ணிடுவார்.