மழை அளக்கிற வேலைக்கு எம்.எஸ்சி.யா? ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கும் மகள், பி.எட். வேண்டாம், பசிபிக் தீவு நாடுகளின் மழையையும் பருவநிலையையும் கண்காணிக்கிற துறைக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். மழையை அளக்க எதற்கு எம்.எஸ்சி. என்பது உங்கள் கேள்வி. நியாயமானதுதான்.

பசிபிக்கில் துவாலு என்று ஒரு தீவு நாடு. மக்கள்தொகை சுமார் 10,000. ஆறே கிடையாது, கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். 2011-ல் மழை பொய்த்து அரசு அவசரநிலை அறிவித்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் நியூசிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்து இறங்கின. காரணம் லா நினா. நடுப் பசிபிக்கில் கடல் குளிர்ந்தால் மழை மேகங்கள் மேற்கே ஒதுங்கும். துவாலு, கிரிபட்டி போன்ற நாடுகள் காயும். எல் நினோ வந்தால் தலைகீழ்: கிரிபட்டியில் கொட்டும், ஃபிஜியும் பப்புவா நியூ கினியும் வறளும். கடலின் வெப்பம் மெதுவாகத்தான் மாறும் என்பதால், அடுத்த மூன்று மாத மழையை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிகிறது. அதைச் சொல்வதுதான் இந்த வேலை.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பீர்கள். மழையை அளக்கவே 2014-ல் ஏவிய ஜி.பி.எம். செயற்கைக்கோளை வைத்துத் தயாராகும் மழை வரைபடத்தில் ஒரு கட்டம் சுமார் 10 கிலோமீட்டர் அகலம். துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியின் மொத்த நிலப்பரப்பே சுமார் 2.4 சதுர கிலோமீட்டர். அந்தக் கட்டத்தில் தெரிவது பெரும்பாலும் கடல்மேல் பெய்த மழை. ஃபிஜியில் வேறு சிக்கல். ஒரே தீவில் கிழக்கே சுவாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ.; மலைக்கு அந்தப் பக்கம் நாடியில் 2,000-கூடத் தேறாது. (1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிப் போன நம்மவர்கள் பலர் கரும்பு பயிரிட்டது அந்த வறண்ட பக்கத்தில்தான்.) அதனால் இன்றும் மழைமானியும் அதைத் தினம் காலை பார்த்து எழுதும் ஆளும்தான் அடிப்படை.

அந்தப் பதிவேட்டில் ஒரு நாள் வெறுமையாக இருக்கும். மழை இல்லையா, அளக்க ஆள் வரவில்லையா? திங்களன்று 90 மி.மீ. என்றிருக்கும்; சனி, ஞாயிறு மழையும் அதில் சேர்ந்திருக்கலாம். வெறுமையைப் பூஜ்யம் என்று நிரப்பினால், இல்லாத வறட்சியைக் கணினி கண்டுபிடித்துவிடும். முப்பது நாற்பது வருடப் பதிவை இப்படி வரிவரியாகச் சலிப்பதில்தான் இந்தத் துறையில் பாதி நேரம் போகும். புயல், ரேடார், டிவி பேட்டி என்று மகள் கற்பனை செய்திருந்தால் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

மீதிப் பாதி, பேசுவது. கணிப்பு "மழை வரும்" என்று வராது. இயல்பைவிடக் குறைய 50 சதவீதம், இயல்பாக 30, அதிகமாக 20 என்று வரும். தண்ணீர் அதிகாரி, "சரி, பெய்யுமா பெய்யாதா?" என்பார். பொய் சொல்லாமல் அவருக்கு உதவ வேண்டும். எனக்குக் கணக்கைவிட இதுதான் கடினமாகத் தோன்றுகிறது.

மகளுக்கு இது ஒத்துவருமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். இந்திய வானிலைத் துறை கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும் தினசரி மழைத் தரவு இணையத்தில் இலவசம். உங்கள் மாவட்டத்துக்கு 30 வருட அக்டோபர்–டிசம்பர் மொத்தத்தை எடுத்து, குறைவிலிருந்து அதிகமாக அடுக்கி, பத்துப் பத்தாகக் குறைவு, இயல்பு, அதிகம் என்று மூன்று பங்கு போடச் சொல்லுங்கள். எல் நினோ வருடங்கள் எந்தப் பங்கில் அதிகம் விழுகின்றன? பசிபிக் வானிலை அலுவலகங்களில் பயன்படும் ஸ்கோபிக் மென்பொருளும் இதே முப்பங்குக் கணக்கில்தான் கணிப்பைத் தருகிறது. இரண்டு வாரம் உட்கார்ந்து செய்துவிட்டு அடுத்த மாவட்டத்தையும் எடுத்தாள் என்றால் தாராளமாக அனுப்புங்கள். நாலாம் நாளே மூடி வைத்தால் பி.எட். பற்றிப் பேசலாம்.

படிப்புக்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (குசாட்) எம்.எஸ்சி. வானிலையியல் இருக்கிறது, விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. இந்த வருட அறிவிப்பில் தகுதியை ஒருமுறை சரிபாருங்கள். கோவை வேளாண் பல்கலையின் வேளாண் வானிலையியல் பெரும்பாலும் பி.எஸ்சி. அக்ரி முடித்தவர்களுக்கானது. எங்கே சேர்ந்தாலும் புள்ளியியலும், பைத்தான் என்ற கணினி மொழியும் கட்டாயம்.

அப்புறம், மகள் தீவுக்கே போய்விடுவாளோ என்ற பயம். உடனே போக முடியாது. அந்த நாடுகளின் வானிலை அலுவலகங்கள் சிறியவை, பெரும்பாலும் சொந்த நாட்டவரையே எடுக்கும். சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் இருக்கும் ஸ்ப்ரெப் (பசிபிக் நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு) போன்ற வட்டார அமைப்புகள் வெளிநாட்டவரையும் எடுப்பதுண்டு. ஆனால் முதுகலையோடு சில வருட அனுபவமும் கேட்பார்கள். அந்த அனுபவம் இங்கேதான் கிடைக்க வேண்டும்: இந்திய வானிலைத் துறை, புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், பயிர்க் காப்பீடு, காற்றாலை மின்சாரக் கணிப்பு. வானிலைத் துறையின் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் தேர்வை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்துகிறது. இயற்பியலோடு முதல் வகுப்பில் தேறிய பி.எஸ்சி.யே அதற்குப் போதும். ஆனால் வருடா வருடம் வருவதில்லை, அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். முதுகலை நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள். பி.எட்.டை எம்.எஸ்சி. முடித்த பிறகும் படிக்கலாம்.