பட்டறைப் பதில்கள்: எந்த கிளட்ச் என்று கேளுங்கள்

கேள்வி: எங்களுடையது 2015 மாடல் பெட்ரோல் கார். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக சிக்னலில் நிற்கும்போது ரப்பர் கருகும் வாசனை வருகிறது. ஏ.சி. போட்டவுடன் 'கிரீச்' என்று ஒரு சத்தமும் கேட்கிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் போயிடுச்சு" என்றார்கள். மொத்த செட்டையும் மாற்ற 14,000 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– பள்ளி ஆசிரியை, திருச்சி

பதில்: பணத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள் டீச்சர். விடையைப் பாதி நீங்களே எழுதிவிட்டீர்கள். நிற்கும்போது வாசனை, ஏ.சி. போட்டால் சத்தம். நியூட்ரலில் போட்டு, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு நிற்கிற வண்டியில் கிளட்ச் பிளேட் வழுக்காது. வழுக்காத பிளேட் எப்படிக் கருகும்?

ஆனால் உங்கள் காரில் இன்னொரு கிளட்ச் இருக்கிறது. ஏ.சி. கம்ப்ரஸரின் முகப்பில் உட்கார்ந்திருக்கும் காந்த கிளட்ச். ஏ.சி. போட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, காயிலில் கரண்ட் பாய்ந்து தட்டைப் புல்லியோடு (பெல்ட் சுற்றும் சக்கரம்) இழுத்து ஒட்டவைக்கிற சத்தம் அது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அரை மில்லிமீட்டர் சுமார்தான். தேய்ந்து இடைவெளி கூடினால் தட்டு சரியாகப் பிடிக்காது, உரசும், கருகும். அந்த மெக்கானிக் சொன்னது இந்த கிளட்சாகவும் இருக்கலாம். ஆனால் 14,000 ரூபாய் செட் என்றால், காலால் மிதிக்கிற கிளட்சை மாற்ற கியர்பாக்ஸைக் கழற்றப் போகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. எந்த கிளட்ச் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கிரீச் சத்தத்தைக் கேட்டால், என்ஜினிலிருந்து கம்ப்ரஸரைச் சுழற்றுகிற பெல்ட் மேலும் எனக்குச் சந்தேகம். கம்ப்ரஸர் உள்ளே இறுகிப்போனாலும், பெல்ட் லூசாக இருந்தாலும், ஏ.சி. போட்ட நொடியில் பெல்ட் புல்லி மேல் வழுக்கும். பல வண்டிகளில் டைனமோவும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அதனால் சத்தம் வரும்போது மீட்டரில் பேட்டரி விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் பெல்ட்தான் வழுக்குகிறது. ஏ.சி. போடாதபோதும் கரகரவென்று இரைந்தால் ஏதோ ஒரு புல்லியின் பேரிங் போயிருக்கும். இரண்டு நாள் ஏ.சி. இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். திருச்சி வெயிலில் இதைச் சொல்வது பாவம்தான், ஆனால் காசு செலவில்லாத டெஸ்ட்.

என்ஜின் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு பானெட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். பெல்ட்டைச் சுற்றிக் கறுப்புப் பொடி, பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, இரண்டும் வழுக்கலின் அடையாளம். விரிசல் இல்லையே என்று நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்து பெல்ட் வெடித்துக் காட்டிக்கொடுக்கும். இப்போது வரும் ஈ.பி.டி.எம். ரப்பர் வெடிக்காமலே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்துபோகும். 78,000 என்பது பெல்ட் மாற்றுகிற வயதுதான். ஓடும் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது ஒரு பழைய வித்தை. சத்தம் கூடினால் பெல்ட்டின் இறுக்கம் குறைவு, கொஞ்ச நேரம் அடங்கினால் புல்லி நேர்கோட்டில் இல்லை. அதை மெக்கானிக் செய்யட்டும். சேலைத் தலைப்போடு ஓடுகிற என்ஜின் பக்கம் நீங்கள் குனியக் கூடாது.

அடியில் சைலன்சரையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். நாமக்கல்லில் நான் பட்டறை போட்ட புதிதில், ஒரு முட்டை வியாபாரியின் அம்பாசடர் கருகல் வாசனையோடு வந்தது. மோந்து பார்த்தேன், கிளட்ச் என்றேன், ஒரு நாள் முழுக்க உழைத்து பிளேட்டை மாற்றினேன். மறுநாள் அதே வாசனையோடு வந்து நின்றார். பார்த்தால், சைலன்சரில் ஓர் உரச்சாக்கு உருகி ஒட்டியிருக்கிறது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். பிளேட் காசையும் கொடுத்திருக்க வேண்டும், அன்றைக்குக் கையில் இல்லை.

வாசனை ரப்பர் மாதிரி இல்லாமல், பிளாஸ்டிக் தீய்கிற மாதிரி மூக்கில் குத்தினால் அது ஒயரிங். அப்போது யோசிக்க நேரமில்லை. ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள். புகை வந்தால் பானெட்டை முழுசாகத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: கார் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஏற்காடு ஏறும்போது பாதி வழியில் கருகல் நாற்றம். வண்டியில் குறையா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: குறை உங்கள் இடது காலில் இருக்கும் தம்பி. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. முன்னால் பஸ் நிற்கும்போதெல்லாம் கிளட்ச் மிதியைப் பாதி அழுத்தி, அரை கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தியிருப்பீர்கள். நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடுங்கள், கிளம்பும்போது ஃபர்ஸ்ட் கியர். சமதளத்தில் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்திப் பாருங்கள். என்ஜின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால்தான் பிளேட்டுக்குச் சேதம். இரண்டும் சேர்ந்து ஏறினால் வண்டி நன்றாக இருக்கிறது, அடுத்த ஞாயிறும் ஏற்காடு போகலாம்.