ஒயில் ஊறிய மணலுக்குப் போத்தல் மருந்தா?

கேள்வி: நிலாவெளியில் சின்ன வெங்காயம் செய்கிறேன். கிணற்றடியில் நிற்கும் வாட்டர் பம்பிலிருந்து டீசலும் கழிவு ஒயிலும் சிந்தி, பக்கத்துப் பாத்தியில் ஒரு பாய் அகலத்துக்கு மண் கறுத்துவிட்டது. அதில் நட்டது நுனி கருகி நிற்கிறது. மருந்துக் கடையில் ‘பங்கசு நொதியம்’ என்று ஒரு போத்தல் தருகிறார்கள். ஒரு தரம் ஊற்றினால் ஒரு கிழமையில் மண் சுத்தமாகுமாம். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், தம்பி. பங்கசு ஒயிலைச் சிதைக்கும் என்பது பொய்யில்லை. அந்தப் போத்தல் சிதைக்கும் என்பதுதான் கதை.

பட்ட மரத்தை வெள்ளையாக உக்கவைக்கும் பங்கசுகள், மரத்துக்கு விறைப்புக் கொடுக்கும் லிக்னினை உடைக்க நொதியங்களை உடம்புக்கு வெளியே கசியவிடும். சிப்பிக் காளானும் அந்தக் கூட்டம்தான். 1983இல் அப்படி ஒரு பங்கசில் லிக்னின் பெரொக்சிடேசு என்ற நொதியத்தைக் கண்டுபிடித்தார்கள். லிக்னின் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடப்பது. அதனால் அதை உடைக்கிற நொதியமும் ஆள் பார்த்து அடிப்பதில்லை. ஒயிலிலுள்ள வளையச் சேர்வைகள், துணிச் சாயம் வரை கைவைக்கும். ஆனால் அது வேலைசெய்ய ஐதரசன் பரவொட்சைட்டு வேண்டும். அதையும் உயிருள்ள பங்கசுதான் உண்டாக்கிக் கொடுக்கிறது. தகரக் கூரையின் கீழ் வெந்து கிடக்கும் போத்தலுக்குள் யார் கொடுப்பது? உள்ளே இருப்பது எந்தப் பங்கசு என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

நான் யார் கேட்டாலும் சொல்வது அறுவடை முடிந்த காளான் பைகளைத்தான். காளான் செய்கிறவர்கள் வேலியோரம் கொட்டுவதைக் கேட்டு வாங்குங்கள். மரத்தூள் முழுக்க வெள்ளை நூல் ஓடியிருக்கும். பங்கசும் அதன் சாப்பாடும் ஒரே பையில். கறுத்த மண்ணை வழித்தெடுத்து, தடித்த பொலித்தீனில் மண் ஒரு படை, உதிர்த்த பை ஒரு படையாக நிழலில் அடுக்குங்கள். பிழிந்தால் சொட்டாத ஈரம் போதும். மழைக்கு மூடுங்கள். டீசலில் பெரும்பகுதியைத் தின்பது பக்டீரியா. அதற்குக் காற்று வேண்டும், அமத்தி மிதிக்காதீர்கள். மாதக்கணக்கில் கிடக்கட்டும். வெங்காயத்துக்கு அடிக்கிற மான்கோசெப் பங்கசு கொல்லி, அந்தப் பக்கம் போகவே கூடாது. காளான் முளைத்தால் கறிக்குப் பறிக்காதீர்கள். கழிவு ஒயிலில் உலோகமும் இருக்கும். அதை எந்த நொதியமும் உடைக்காது, காளான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த மண்ணும் இனிப் பாத்திக்கு வேண்டாம்.

நீங்கள் கேட்காமல் விட்டது கிணறு. உங்கள் பக்கம் கடற்கரை மணல். சிந்தியதைத் தடுக்கக் களி இல்லை, நிலத்தடி நீரும் கிட்டத்தில். நீரில் படலமோ மணமோ தெரிந்தால் குடிக்க அள்ளாதீர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். போத்தலுக்கு வைத்த காசில் கசிகிற டீசல் குழாயை மாற்றுங்கள். உறிஞ்சு குழாய் விடுகிற அளவுக்குப் பம்பைத் தள்ளி வைத்து, அடியில் ஒரு தகரத் தட்டுப் போடுங்கள்.