29 டிகிரித் தண்ணீரில் ஆக்சலாட்டில்

கேள்வி: சென்னை கொளத்தூரில் பதினைந்து ஆண்டுகளாக வண்ணமீன் வளர்த்து விற்கிறேன். மகள் ஆசைப்பட்டாள் என்று சென்ற ஆண்டு இரண்டு ஆக்சலாட்டில் குஞ்சுகளை வாங்கினேன். இப்போது ஒவ்வொன்றும் முக்கால் அடி நீளம் இருக்கிறது. இரண்டடித் தொட்டி, அடியில் கூழாங்கல், ஓரத்தில் தொங்கும் பவர் ஃபில்டர். பங்குனி பிறந்ததிலிருந்து வெள்ளை நிறத்தது இரை எடுப்பதில்லை. செவுள் தூவிகள் சுருங்கி வெளுத்துவிட்டன. நுனியில் பஞ்சு போல் ஒட்டியிருக்கிறது. அடிக்கடி வால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு மிதக்கிறது. தொட்டியில் கல்லுப்பு போட்டேன், பிறகு மீன்களின் பூஞ்சைக்கு விடும் மாலக்கைட் கிரீன் மருந்தை விட்டேன், குணமில்லை. கறுப்பு நன்றாகத்தான் இருக்கிறது. வாலை மட்டும் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. தண்ணீரின் வெப்பம் 29 டிகிரி. என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: நோயின் பெயரை உங்கள் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். 29 டிகிரி. மற்றவையெல்லாம் அதன் பின்னால் வந்தவை.

நீங்கள் கைதேர்ந்த மீன்காரர். இந்த விஷயத்தில் அந்தக் கைப்பழக்கம்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. ஆக்சலாட்டில் மீன் அல்ல, தவளைக்கு உறவான சாலமாண்டர் இனம். தலைப்பிரட்டைப் பருவத்து வெளிச்செவுளை உதிர்க்காமலேயே வயதுக்கு வந்து முட்டையிடும் பிறவி. இதன் சொந்த இடம் மெக்சிகோ நகரின் தெற்கே சோச்சிமில்கோ என்னும் ஏரியும் அதன் கால்வாய்களும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். நம் ஊட்டியின் உயரமும் அதுதான். ஊட்டி வாசியைக் கொண்டுவந்து கொளத்தூர் வெயிலில் கட்டிப்போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. இதற்கு 16 முதல் 18 டிகிரி சுகம். 20 வரை தாங்கும். 24-ஐத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் அதன் உடல் நலம் குறைந்துகொண்டேதான் போகும்.

சூடு இரண்டு வழியில் அடிக்கிறது. 18 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் 7.6 தான். அதே சமயம் சூட்டில் உடலுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். அடுத்தது, கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அமோனியா. பி.எச். 7, வெப்பம் 20 என்றால் தண்ணீரில் உள்ள அமோனியாவில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8, வெப்பம் 28 என்றால் அது ஆறு சதவீதத்தைத் தாண்டிவிடும். உங்கள் போர் தண்ணீரின் பி.எச். எட்டை ஒட்டி இருந்தால், கப்பி, மோலி மீன்களுக்குச் சாதாரணமான அமோனியா இதற்கு விஷம். ஓரடி அகலமும் உயரமும் உள்ள இரண்டடித் தொட்டியில் 50 லிட்டர்தான் நிற்கும். ஒன்றுக்கே 75 லிட்டர் வேண்டும். கூடுதலாக ஒன்று என்றால் இன்னும் 40 லிட்டர்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாலக்கைட் கிரீன் கலந்த தண்ணீரிலிருந்து இரண்டையும் இன்றே வெளியே எடுங்கள். செதில் இல்லாத, மெல்லிய, தண்ணீரை உறிஞ்சும் தோல் அது. மாலக்கைட் கிரீன், ஃபார்மலின், தாமிரம் கலந்த மருந்துகள் எல்லாம் தோல் வழியாகவே உள்ளே இறங்கும். வலையால் பிடிக்காதீர்கள், விரல்கள் சிக்கிக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, அதுவாக நுழையும்படி நகர்த்துங்கள். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று எனப் பத்துப் பதினைந்து லிட்டர் பிடிக்கும் தனித்தனித் தொட்டி, குளோரின் நீக்கிய சுத்தத் தண்ணீர், மேலே துணி போட்டு இருட்டு. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும்; மாற்றும் தண்ணீர் அதே வெப்பத்தில் இருக்க வேண்டும்.

குளிரவைக்கும்போது அவசரம் கூடாது. ஐஸ் கட்டியை நேரடியாகப் போடாமல், ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மூடியோடு மிதக்கவிடுங்கள். ஒன்று உருகும்போது அடுத்தது ஃப்ரீசரில் தயாராக இருக்கட்டும். ஒரே மூச்சில் பத்து டிகிரி இறக்காமல், சில மணி நேரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி வீதம் 18-க்குக் கொண்டுவாருங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. இவ்வளவு நொந்துபோன உயிருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

பஞ்சு போல் இருப்பது பூஞ்சை. நலமான செவுளில் அது ஏறாது. சூட்டில் செத்த திசுவைப் பார்த்துக் குடியேறியது. உப்பு போட்டது தவறில்லை, போட்ட இடம்தான் தவறு. தொட்டியில் நிரந்தரமாக உப்பு இருக்கக் கூடாது. வேறொரு டப்பாவில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி அயோடின் சேர்க்காத கல்லுப்பைக் கரைத்து, அதே குளிரில், பத்து நிமிடம் மட்டும் வைத்து எடுங்கள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், மூன்று நாள். துள்ளித் துடித்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஃபைட்டர் மீனுக்கு நீங்கள் போடும் காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைத் தொட்டியில் போட்டுவைத்தால் கெடுதல் இல்லை, தோலுக்கு இதம்.

மிதப்பதுதான் எனக்குக் கவலை. ஆக்சலாட்டில் கடித்துத் தின்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். இரைக்கு அருகில் கூழாங்கல் இருந்தால் அதுவும் உள்ளே போகும். வயிற்றில் காற்று மட்டும் என்றால் குளிர்ந்த, ஆழம் குறைந்த தண்ணீரில் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தாலோ, ஐந்து நாளாகியும் எச்சம் போகாவிட்டாலோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். கல் இருந்தால் தெளிவாகத் தெரியும். பழைய தொட்டியில் உள்ள கூழாங்கல்லை எப்படியும் அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். வெறும் கண்ணாடி அடியே போதும். மனம் கேட்காவிட்டால் மிக நைசான மணல்.

செவுள் சுருங்கினால் உருமாற்றம் தொடங்கிவிட்டது என்று யாராவது பயமுறுத்துவார்கள். முதுகிலும் வாலிலும் உள்ள துடுப்பு கரைந்து, கண் பிதுங்கி, இமை வந்தால்தான் அது. அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

கறுப்பு நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வால் நுனியைச் சுருட்டிக்கொண்டு படுப்பது அது படும் வேதனையின் முதல் அடையாளம். இனி தினமும் விளக்கைப் போடும் முன்பே பாருங்கள். செவுள் தூவி அடர்ந்து, இரத்தம் ஓடிச் சிவந்து, அவ்வப்போது பின்னுக்கு ஒரு உதறு உதற வேண்டும். தூவிகள் முன்னோக்கி வளைந்து நின்றால் நீரோட்டம் அதிகம். உங்கள் பவர் ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடச் சொல்வது இதற்காகத்தான். மேலிருந்து பார்த்தால் வயிற்றின் அகலம் தலையின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்; குறைந்தால் பட்டினி, மிஞ்சினால் அளவுக்கு மேல் தீனி. விரலோ காலோ காணாமல் போயிருந்தால் பதற வேண்டாம், வளர்ந்துவிடும். ஆனால் கடித்தது பக்கத்தில் இருப்பதுதான் என்பதால் பிரித்து வையுங்கள்.

வெள்ளை தேறியதும் முதல் இரையாக மண்புழுத் துண்டு ஒன்றை இடுக்கியால் மூக்கருகே காட்டுங்கள். உரக்குழியில் நெளியும் சின்னச் சிவப்புப் புழு கசக்கும். வாயில் வாங்கித் துப்பிவிடும். மண்புழு உரம் தயாரிப்பவர்கள் வளர்க்கும் பெரிய யூட்ரில்லஸ் புழு நல்லது. வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் போதும். உங்கள் கடையில் மிஞ்சும் மீன் குஞ்சுகளைப் போடாதீர்கள், ஒட்டுண்ணிகளையும் சேர்த்துத்தான் போடுவீர்கள்.

இரண்டுக்கும் போதுமான புதிய தொட்டியில், கழிவை மாற்றும் நுண்ணுயிர் பிடித்து, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 20 பி.பி.எம்.-க்குள் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) என்று சோதனையில் வந்த பிறகே இரண்டையும் திருப்பி விடுங்கள். ஆறு வாரம்கூட ஆகலாம். அதுவரை தனித்தொட்டிதான், தினமும் தண்ணீர் மாற்றுவதுதான். தண்ணீர்ப் பரப்பில் மின்விசிறி ஓடவிட்டால் மூன்று நான்கு டிகிரி குறையும். சித்திரைச் சென்னைக்கு அது எம்மாத்திரம்? தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கருவியோ, இரவும் பகலும் ஏ.சி. ஓடும் அறையோ இல்லாமல் இந்த ஊரில் ஆக்சலாட்டிலைக் கோடை தாண்டவைக்க முடியாது. மகளிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், நன்றாக வைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டு வாழும் உயிர்.

இன்னொன்று. இது, அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ள விலங்கு. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டமும் 2024 விதிகளும், இத்தகைய உயிரை வைத்திருப்பதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதியச் சொல்கின்றன. குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் கைமாறினாலும் அதையும் பதிய வேண்டும். வைத்துக்கொள்ள முடியாது என்று முடிவு செய்தால் குளிர்ந்த அறை உள்ள இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். பக்கத்தில்தானே இருக்கிறது என்று ரெட்டேரியில் விட்டுவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் உங்கள் தொட்டியைவிடச் சூடு.